புதருக்குள் போன மந்தை

கூடாரத் தோலின் மேல் யாரோ பட்டாணியை அள்ளிக் கொட்டுவது போலச் சத்தம் கேட்டது. யால்னே கண்ணைத் திறக்காமலே கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு கிடந்தாள். காற்று இல்லை, நாய்கள் குரைக்கவில்லை. அடுப்புக்கு அந்தப் பக்கம் நாத்தனார் ஜோயாவின் குறட்டை மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. பிறகு அவள் மூக்கின் மேல் ஒரு சொட்டு விழுந்தது.

"ஏய்யா, எந்திரி. மழை பெய்யுது."

மியூசேனா போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்தான். "நவம்பர்ல ஏது மழை? கனவு கண்டிருப்ப."

"கனவுல பெஞ்சா மூக்குல சொட்டுமா? எந்திரிச்சுப் பாரு."

அவன் எழுந்து போய்த் தோல் கதவை விலக்கிப் பார்த்தான். வெகு நேரம் திரும்பி வரவில்லை. யால்னே எழுந்து உட்கார்ந்தாள். அவளுடைய புருஷன் ஒரு விஷயத்தைப் பார்த்ததும் ஏதாவது கேலி பேசுகிற ஆள். பேசாமல் நின்றால் அது பேசக்கூடிய விஷயமில்லை என்று அர்த்தம்.

வெளியே வானம் சாம்பல் நிறமாக வெளுத்துக்கொண்டிருந்தது. ஒரு மாதமாக விழுந்து முழங்கால் வரை சேர்ந்திருந்த பனி, தேநீரில் போட்ட சர்க்கரைக் கட்டி போல நனைந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. அவர்கள் மேய்க்கும் பனிமான்கள் சரிவில் தலை குனிந்து நின்றன. நவம்பர் மழைக்கு எப்படி நிற்பது என்று அவற்றுக்குத் தெரியவில்லை. குளிர்கால ரோமம் முழுக்க நனைந்து, ஒவ்வொன்றும் பாதியாய் இளைத்தது போல் இருந்தது.

"எல்லாம் அந்தக் கடலால வந்தது," என்றான் மியூசேனா.

அந்த வாரம்தான் அவன் நரிப்பொறிகளைப் பார்க்கக் கரைக்குப் போய் வந்திருந்தான். ரஷ்யாவின் வடகோடியில், யமால் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் அந்த மாதத்தில் காரா கடல் வெள்ளையாக இறுகிக் கிடக்க வேண்டும். அவன் அப்பா காலத்தில் அதன் மேல் சறுக்குவண்டி ஓட்டிப் போவார்கள். இப்போது கறுப்பாகத் திறந்து கிடந்தது. மூடாத கொப்பரை போல ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அங்கிருந்து வந்த காற்று முகத்தில் ஈரமாக அடித்தது என்று அவன் வந்து சொன்னபோது, "அப்ப இந்த வருஷம் குளிர் குறைச்சல்னு சொல்லு, விறகு மிச்சம்" என்று ஜோயா சிரித்தாள். இப்போது அவளும் எழுந்து வந்து தம்பியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

மழை மறுநாளும் பெய்தது. அதற்கப்புறம் வானம் தெளிந்து, வடக்கிலிருந்து குளிர் இறங்கியது. காலையில் யால்னே தண்ணீருக்குப் பனி அள்ளப் போனாள். வாளி விளிம்பு தரையில் பட்டு 'ணங்' என்றது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மரமில்லாத டன்ட்ராச் சமவெளி முழுக்க மெழுகு பூசிய மேசை போல மின்னியது. கண்ணாடிக்குள் பார்ப்பது போலக் கீழே மான் தின்னும் வெண்பாசியும் காய்ந்த புல்லும் தெரிந்தன. தெரிந்து என்ன? மான்கள் முன்னங்காலால் சுரண்டின. குளம்பு வழுக்கியது. மறுபடி சுரண்டின. சில மான்களின் கணுக்கால் கிழிந்து பனிக்கட்டியில் சிவப்புக் கோடு விழுந்தது.

மியூசேனா கோடாரியை எடுத்துக்கொண்டான். யால்னே மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள். வெளிச்சம் இருக்கும் வரை இரண்டு பேரும் உடைத்தார்கள். உடைத்த இடத்துக்கு இரண்டு மான் ஓடி வந்து ஒரு வாய் கடிக்கும், அவ்வளவுதான். சுற்றிலும் முந்நூறு தலைகள் அவர்களையே பார்த்துக்கொண்டு நிற்கும். அந்தப் பார்வைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்வதுதான் கஷ்டமாக இருந்தது.

பசியே தெரியாத ஒரே மான் 'விருந்தாளி'தான். தாய் செத்துப்போன பெட்டைக் கன்று அது; யால்னே கூடாரத்துக்குள் வைத்து ரொட்டியும் மீன் கஞ்சியும் கொடுத்து வளர்த்தாள். இப்போது வளர்ந்து, பனிமான் பெட்டைகளுக்கு உள்ளபடி கொம்பு வைத்தும், சாப்பாட்டு நேரத்துக்குக் கதவை முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து நிற்கும். ஜோயா வைத்த பெயர் அது. "சொல்லாம வரும், கேக்காம திங்கும், போன்னா போகாது. வேற என்ன பேர் வைக்கிறது?" என்பாள். ஆனால் சர்க்கரைக் கட்டியை அதற்கு ஒளித்து ஒளித்துக் கொடுப்பதும் ஜோயாதான்.

ஒரு வாரம் போனது. மான்கள் படுக்க ஆரம்பித்தன. படுத்தவற்றில் சில எழவில்லை. மேட்டில் ஏறினால்தான் கைபேசியில் சிக்னல் கிடைக்கும். யால்னே ஏறி அண்ணன் நோஹோவுக்குப் பேசினாள். நோஹோவின் மந்தை உள்நாட்டு மலைச்சரிவில் இருந்தது. அங்கே மழை இல்லை, பனியாகவே விழுந்ததாம்.

"உன் புருஷங்கிட்டக் குடு," என்றான் நோஹோ.

மியூசேனா வாங்கிக் காதில் வைத்தான். "நல்லா இருக்கோம் மச்சான். ஆமா. இல்ல, ஒண்ணும் வேணாம். சரி, பேட்டரி போகுது." கொடுத்துவிட்டான்.

"பேட்டரி பாதிக்கு மேல இருக்கே," என்றாள் யால்னே.

"அவங்கிட்டப் போய்ப் பிச்சை கேக்கச் சொல்றியா? கல்யாணத்தப்போ அவன் மானைப் பாத்து, எலும்புக்குத் தோல் போத்தின மாதிரி இருக்குன்னு நான்தானே சிரிச்சேன்? ஊரே கேட்டுச்சு."

"அதெல்லாம் அவன் எப்பவோ மறந்திருப்பான்."

"உங்கண்ணன் எதையும் மறக்கிற ஆளா?"

நோஹோ மறக்கிற ஆள் இல்லைதான்.

அடுப்புக்குச் சுள்ளி தீர்ந்தது. யால்னே ஓடைப் பக்கம் வில்லோ புதர் வெட்டப் போனாள். தரையெங்கும் பனிக்கட்டியில் கால் வழுக்கிக்கொண்டே போனவள், புதரோரம் போனதும் திடீரென்று முழங்கால் வரை உள்ளே போய்விட்டாள். திட்டிக்கொண்டே காலை இழுத்தாள். பிறகு அப்படியே நின்றாள். புதரின் அந்தப் பக்கம் போய் வேண்டுமென்றே மிதித்தாள். அங்கேயும் உடைந்தது. மழையைக் கிளைகள் வாங்கிக்கொண்டதாலோ, தண்டுகள் ஊடே நின்றதாலோ, புதருக்கடியில் பனிக்கட்டி பாலேடு போல மெல்லியதாக இருந்தது. அதற்குக் கீழே பனி உதிரியாக, காய்ந்த மாவு போலக் கிடந்தது. கையை விட்டுத் துழாவினாள். புல் வந்தது. உதிர்ந்த இலை வந்தது.

சுள்ளியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள்.

"ஆத்து வளைவுக்குப் போவோம்," என்றாள், மூச்சு வாங்க. "அந்தப் பெரிய புதர்க்காட்டுக்கு."

மியூசேனா கோடாரியைத் தரையில் ஊன்றி அவளைப் பார்த்தான். "எந்தக் காடு? நீ பாழாப்போற காடுன்னு சாபம் குடுத்தியே, அதா?"

அதுதான். அவள் கல்யாணமாகி வந்த புதிதில் ஆற்று வளைவின் வில்லோக்கள் அவள் முழங்காலைத் தொட்டன. வருஷத்துக்கு வருஷம் கோடை நீண்டுகொண்டே போனது, புதர்களும் வளர்ந்துகொண்டே போயின. இப்போது ஆள் உயரம் தாண்டி, நின்று பார்த்தால் மந்தை இருப்பதே தெரியாது. போன ஆகஸ்டில் அதற்குள் போன மான்களில் ஒரு கூட்டம் வெளியே வரவில்லை. யால்னே கத்திக் கத்தித் தொண்டை கட்டி, தலைத்துணி கிழிந்து, கொசுக்கடியில் முகம் வீங்கி அவற்றைத் தேடிக் கொண்டுவந்தாள். "புதரு பெத்துப் போட்ட பிள்ளை மாதிரி இருக்க" என்று அவன் சிரித்ததற்கு அன்று முழுக்க அவனோடு பேசவில்லை.

"அதுக்குள்ள விட்டா எது எங்க நிக்குதுன்னு தெரியாது, யால்னே. ஓநாய் வந்தாக்கூடத் தெரியாது."

"இங்க எல்லாமே நல்லாத் தெரியுது. எது எப்பச் சாகுதுன்னு தெளிவாத் தெரியுது. போதுமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஜோயாதான் கூடார வாசலிலிருந்து குரல் கொடுத்தாள்: "டேய், அவ சொல்றதக் கேளு. இந்த வீட்டுல புத்தி இருக்கிறது அவ ஒருத்திக்குத்தான். நமக்கெல்லாம் வாய் மட்டுந்தான்."

வண்டி இழுக்கும் காளை மான்களுக்குத் தங்களைச் சுமக்கவே தெம்பில்லை. அதனால் பாதிச் சாமானைச் சறுக்குவண்டிகளோடு அப்படியே விட்டுவிட்டு, அடுப்பு, கூடாரக் கழி, தோல், மாவு மூட்டை மட்டும் பனியில் ஓடும் மோட்டார் வண்டியின் பின்னால் கட்டினார்கள். அதை ஓட்டியது ஜோயா. கிராமத்துப் பள்ளிக்கூட விடுதியில் சமையல்காரியாக இருந்தவரை அவள் அதைத் தொட்டதே கிடையாது. "குழம்புச் சட்டியைக் கிண்டினவளுக்கு இதென்ன பெரிய வித்தை" என்று ஏறி உட்கார்ந்து, முதல் வேலையாகப் பின்பக்கமாகப் போய்க் கழிக்கட்டில் இடித்தாள்.

மந்தையை நடத்த யால்னே கண்ட வழி விருந்தாளிதான். அதன் கழுத்தில் மணி கட்டி, மடியில் ரொட்டியை வைத்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். விருந்தாளி அவள் முதுகில் மூக்கை உரசிக்கொண்டே வந்தது. மணிச் சத்தம் கேட்டு நின்றிருந்த மான்கள் ஒவ்வொன்றாகத் தலை தூக்கின. வரிசை மெல்ல அசைந்தது. கடைசியில் மியூசேனா நாய்களோடு வந்தான். விழுந்ததைத் தூக்கி நிறுத்தி, நிற்காததை விட்டு.

வழியில் அரைக்கொம்பன் படுத்துவிட்டது. ஒரு பக்கக் கொம்பு எப்போதும் பாதியிலேயே நின்றுவிடும் கிழக் காளை அது. யால்னேவைக் கல்யாணக் கோலத்தில் உட்கார்த்தி அழைத்து வந்த வண்டியை அதுதான் இழுத்தது. அப்போது அது இளங்காளை. மியூசேனா செல்லமாகப் பேசிப் பார்த்தான், தோளைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தான். அது அவனை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கழுத்தைப் பனிக்கட்டியில் நீட்டிக்கொண்டது.

"நீ போ," என்றான் யால்னேவிடம். "மந்தை நிக்கக் கூடாது. நான் வந்துடறேன்."

அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். விருந்தாளிக்கு இன்னொரு துண்டு ரொட்டியை நீட்டினாள்.

அவன் வந்து சேர்ந்தபோது அவர்கள் புதரோரம் கூடாரத்தை நிறுத்தியிருந்தார்கள். தோளில் அரைக்கொம்பனின் வார்ப்பட்டை தொங்கியது. வேறு எதுவும் இல்லை. யால்னே தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அவன் வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவள் தோளில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான். ஜோயா அடுப்பைக் கிளறுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இந்தப் பச்சை விறகுப் புகை இருக்கே, கண்ணையே அவிச்சிடும்" என்றாள். அன்று அடுப்பில் புகையே இல்லை.

புதர்க்காடு காப்பாற்றியது என்று சொல்லலாம். பாதிப் பொய்தான் அது. மான்கள் ஏட்டை உடைத்துப் புல்லைத் தின்றன. புல் தீர்ந்ததும் நுனிச் சுள்ளியைத் தின்றன, பட்டையைக் கடித்தன. அதுவும் எல்லாவற்றுக்கும் போதவில்லை. மூன்றில் ஒன்றுதான் குளிர்கால இருட்டு முடிந்து சூரியன் திரும்பி வருவதைப் பார்த்தது. ஆனால் கரையோரமாகவே நின்ற பக்கத்து மந்தைகளில் வண்டியில் பூட்டக்கூட ஒரு காளை மிஞ்சவில்லை என்று கைபேசியில் செய்தி வந்தபோது, மியூசேனா எழுந்து போய் ஒரு வில்லோ கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்ன, மன்னிப்புக் கேக்குறியா அதுங்கிட்ட?" என்றாள் யால்னே.

"நான் என்னத்தக் கேக்க? திட்டினது நீ. நீ கேளு."

அவள் நிஜமாகவே கேட்டாள், அவன் அந்தப் பக்கம் போன பிறகு.

வசந்தம் அவசரமாக வந்தது. ஆறு முந்திக்கொண்டு உடைந்தது. வில்லோ பூத்தது, பஞ்சுப்புல் வெள்ளைத் தலை காட்டியது, தரை ஒரே மூச்சில் பச்சையானது. வயிற்றில் சுமந்த பெட்டைகளில் பலவும் குளிர்காலத்திலேயே கன்றை இழந்திருந்தன. மிஞ்சிய சில கன்றுகள் பிறந்தபோது, தாய்க்குப் பால் ஊறச் செய்யும் இளந்தளிர் முற்றி நாராகிவிட்டது. மான் தன் நாளுக்குத்தான் ஈனுகிறது, புல் அந்த நாளுக்காகக் காத்திருக்கவில்லை.

"சாப்பாடு முடிஞ்சு சட்டியக் கழுவிக் கவுத்தப்புறம் வந்து உக்காந்திருக்குதுங்க, பாவம்," என்றாள் ஜோயா, நடுங்கும் காலோடு நின்ற ஒரு கன்றைப் பார்த்து. "சமையக்காரி நான் சொல்றேன், இதுல பிள்ளைங்க தப்பு ஒண்ணுமில்ல."

மியூசேனா சுற்றி வளைத்து ஆரம்பித்தான். "கிராமத்துல மீன் பிடிக்க ஆள் எடுக்குறாங்களாம்."

யால்னே காலணிக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தாள். "நீ போனா நானும் வருவேன்."

"கோவமா?"

"கோவம் எதுக்கு? நாலு சுவருக்குள்ள நாள் பூரா என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கணும். மழை வந்தாலும் வெளியில ஓட முடியாது. அத யோசிச்சியா?"

அவன் சிரித்துவிட்டான். அந்த மழைக்குப் பிறகு அவன் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. தையலை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் தெற்குச் சரிவில் மணிச் சத்தம் கேட்டது. நோஹோ வந்துகொண்டிருந்தான். பின்னால் கொழுத்த பெட்டை மான்கள், காலடியில் கன்றுகள். நோஹோ வண்டியிலிருந்து இறங்கி, மியூசேனாவைத் தாண்டிப் போய்த் தங்கையின் முன்னால் நின்றான்.

"இந்தா. உன் மான்."

மியூசேனாவின் முகம் கறுத்தது. "மச்சான், நான் கேக்கல."

"உன்னை யாரு கேட்டா மாப்ளே? நான் எந்தங்கச்சிகிட்டப் பேசிக்கிட்டு இருக்கேன்." நோஹோ அவளிடமே திரும்பினான். "அப்பா உனக்குன்னு விட்ட மானோட வம்சம். அப்ப சின்னதா இருந்துச்சு, அதனால சீரோட அனுப்பல. எலும்புக்குத் தோல் போத்தின மாதிரி இருந்துச்சுன்னு கூடச் சொன்னாங்க சில பேரு."

ஜோயா வாயைப் பொத்திக்கொண்டாள்.

யால்னே ஒரு பெட்டையின் காதைப் பிடித்துப் பார்த்தாள். அவள் பிறந்தபோது அப்பா அவளுக்கென்று வைத்த காது அடையாளம், நுனியில் ஒரு பிளவும் பக்கத்தில் ஒரு பிறை வெட்டும், சரியாக இருந்தது. வெட்டு இன்னும் ஆறவில்லை. ஓரத்தில் பொருக்கு இருந்தது. பழைய வம்சத்து மானுக்கு இந்த மாதம்தானா காது வெட்டியிருப்பான்? கல்யாணத்தன்று தன் மான் எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டு வந்தவள் அவள். ஒன்றுகூடப் பிறந்த வீட்டில் மிச்சமில்லை என்று அவளுக்குத் தெரியும். அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மியூசேனாவும் அருகில் வந்து அந்தக் காதைப் பார்த்தான். விரலால் பொருக்கைத் தடவினான். அவன் என்ன சொல்லப் போகிறானோ என்று யால்னே அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நல்ல பழைய அடையாளம்," என்றான் அவன். "கடைசியில பெண்டாட்டி சீருக்கு நான் மேய்ப்பனாயிட்டேன்னு ஊரு சொல்லும்."

"சொல்லட்டுமே. ஓட்டிட்டு வந்த கூலிக்குத் தேநீர் குடு, நிக்குறேன்ல," என்றான் நோஹோ.

வேக வைத்த மீனை நடுவில் வைத்துச் சாப்பிட உட்கார்ந்தார்கள். அப்போதுதான் நோஹோ வந்த காரியத்தைச் சொன்னான். இனி இலையுதிர் காலத்தில் கடற்கரைப் பக்கம் போக வேண்டாம். தன் மலைச்சரிவுக்கு வந்து பக்கத்திலேயே கூடாரம் போடட்டும். "கடலு மூடாத வருஷம் இன்னும் வரும் மாப்ளே. மழையோட சண்டை போட முடியாது. என்கூடன்னா தினமும் சண்டை போடலாம்."

"எங்கப்பா போன தடம் அது," என்றான் மியூசேனா.

"தெரியும்."

யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை. அவன் மீன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து வெளியே போய் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றான். யால்னே பின்னால் போய்ப் பக்கத்தில் நின்றாள். அங்கிருந்து கடல் தெரியாது. இருந்தாலும் இரண்டு பேரும் அந்தத் திசையையே பார்த்தார்கள்.

"தடம்னா மான் போற இடம்தானே," என்றான் கடைசியில். "எங்கப்பாவும் புல்லத் தேடித்தான் போனாரு. கடலத் தேடி இல்ல."

இலை பழுக்கத் தொடங்கியதும் வண்டிகளைக் கட்டினார்கள். ஜோயா கிராமத்துக்குத் திரும்பப் போவதாகச் சொல்லிக்கொண்டே தன் மூட்டையை முதல் ஆளாக ஏற்றினாள். "நோஹோ வீட்டுச் சூப்புல உப்பே இருக்காதாம். நான் வராட்டி என்ன திம்பீங்க?" என்றாள். அதற்குப் பிறகு எத்தனையோ குளிர்காலம் அவள் அங்கேயே உப்புப் போட்டாள். மச்சானும் மாப்பிள்ளையும் எந்த மானைப் பூட்டுவது, எந்த வானம் மழை வானம் என்று தினமும் சண்டை போட்டார்கள். மந்தை பழைய அளவுக்கு வளரவில்லை, ஆனால் வளர்ந்தது.

அன்று கிளம்பும்போது முதல் வண்டியின் கடிவாள வாரை மியூசேனா எடுத்து யால்னேவின் கையில் கொடுத்தான். முன் வண்டி எப்போதும் அவனுடையது.

"பாதி மான் உன்னோடது. நீ முன்னால போ. நான் பின்னால வர்றேன்."

"இத்தனை வருஷம் கழிச்சாவது தெரிஞ்சுதே," என்றாள் அவள். ஏறி உட்கார்ந்து, அங்கியை இழுத்து மூடிக்கொண்டு, மான்களை உள்நாட்டுப் பக்கம் திருப்பினாள்.